வெயிலில் நின்ற சீர்

28 ஜூலை, திங்கள்

பழங்காநத்தம் மாரியம்மன் கோயிலில் இன்று கூழ் ஊற்றினார்கள். மைக் நான்தான். கூழ் உபயதாரரை 'அன்னலட்சுமிக்கு அண்ணனாகப் பிறந்தவரே' என்றேன். இன்னொரு அண்டா காய்ச்சச் சொல்லிவிட்டார். குடிக்க ஆளில்லை. அது என் குற்றமில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். இனி எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தன்னிடம் எதுவுமில்லை என்று வாத்தியாரே சொன்னார். சொன்ன வார்த்தை வேறு. கருத்து அதுதான்.

மகள் சத்யப்ரியாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து பீரோ மேல் கட்டாக இருக்கிறது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அவர் வாங்காமல் வேறு யாருக்கும் நீட்ட முடியாது. தாய்மாமன் என்றால் என் மனைவி முனீஸ்வரியின் தம்பி வெள்ளைத்துரை, உசிலம்பட்டி. சித்திரையிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

30 ஜூலை

ஏன் பேசுவதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சித்திரையில் கொழுந்தியாள் பாண்டிமீனா மகனுக்குக் காதுகுத்து. மைக் நான். ரைஸ்மில் முதலாளி விருமாண்டி உள்ளே வந்தார். வள்ளல் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. வாக்கு தானாக ஊறுகிற உடம்பு இது. அவருடைய பாட்டனாரின் குதிரை வரை போய்விட்டேன். (குதிரை இருந்ததா என்று தெரியாது. இருந்திருக்கும்.)

அந்த நேரத்தில் வெள்ளைத்துரை கொட்டுமேளத்தோடு தாய்மாமன் சீர் கொண்டுவந்து வாசலில் நிற்கிறார். தாய்மாமனை மைக்கில் அழைத்து, மாலை போட்டுத்தான் உள்ளே கூட்டிவர வேண்டும். அழைக்காமல் அவர் நுழைய மாட்டார். எனக்கோ குதிரை இன்னும் முடியவில்லை. சித்திரை வெயில். தட்டு தூக்கிய பொம்பளைகள் தட்டை இறக்கிவிட்டார்கள். சீர்க் கிடாய் தரையில் படுத்துவிட்டது. எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

விருமாண்டி அண்ணன் மட்டும் சந்தோஷமாகச் சாப்பிட்டுப் போனார்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று உசிலம்பட்டி டவுன் பஸ் ஏறினேன். கிளம்பும்போது முனீஸ்வரி சொன்னாள்: "உங்க வாயால கெட்டது. திரும்ப அதே வாயக் கொண்டுக்கிட்டுப் போறீக."

வெள்ளைத்துரை வீட்டு முன்னால் ஒரு செவலைப் பசு நின்றது. அதில் பிடித்தேன்.

"மாப்ள, இது மாடா? மகாலட்சுமி. இந்த நடையும் நெத்திச் சுட்டியும் ஒன்னைய மாதிரி கைராசிக்காரன் தொழுவுலதான் நிக்கும்."

"அது பக்கத்து வீட்டு மாடு, மச்சான்."

"சரி, ஒன் மாடு எது?"

"வித்துட்டேன்."

பிறகு அவர் பேசவில்லை. நான் பேசினேன். அவருடைய நிலம், மீசை, வைக்கோல்போர் எல்லாவற்றையும் பேசினேன். பத்திரிகையை எடுத்தபோது மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் போய்விட்டார்.

மனம் இளகிவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காபி தரவில்லை, அது வேறு விஷயம்.

9 ஆகஸ்ட்

பெரிய மனிதனுக்குப் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். ஃப்ளெக்ஸ் கடை சூரியபிரகாஷிடம் உட்கார்ந்து நானே வாசகம் சொன்னேன். வெள்ளைத்துரை சிம்மாசனத்தில். இரண்டு பக்கமும் சிங்கம். கீழே, 'உசிலை மண்ணின் உரிமைக் குரலே, ஏழைகளின் விடிவெள்ளியே'. இருந்த ஒரே போட்டோவில் மாப்ள கண்ணை மூடியிருக்கிறார். சூரியபிரகாஷ் கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டான். சினிமா ஹீரோ மாதிரி ஒரு களை.

"மாமா, சிங்கம் ஒண்ணு போதாதா?" என்றான்.

போதாது என்றேன். இவனுக்கெல்லாம் என்ன தெரியும்.

11 ஆகஸ்ட்

நேற்றிரவு உசிலம்பட்டியில் அவர் தெருமுனையில் கட்டினோம். இன்று காலையிலேயே போன். சித்திரைக்குப் பிறகு முதல் போன்.

"மச்சான், விடிஞ்சதுல இருந்து ஆளு வந்துக்கிட்டே இருக்கு. நான் எலெக்சன்ல நிக்கிறேனாம். குழாய்ல தண்ணி வரலைன்னு மனு குடுத்துட்டுப் போறாக. ஒரு கெழவி, பென்சன் வாங்கித் தராம எந்திரிக்க மாட்டேன்னு வாசல்ல உக்காந்திருக்கு. நான் இன்னும் பல்லு வெளக்கல."

"செல்வாக்கு மாப்ள" என்றேன்.

வைத்துவிட்டார்.

12 ஆகஸ்ட்

ஃப்ளெக்ஸ் இப்போது பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாம். சிங்கம் இருக்கிற பக்கம் உள்ளே.

14 ஆகஸ்ட்

முனீஸ்வரி சாப்பிடவில்லை. கேட்டால், பசிக்கவில்லையாம். "நாளைக்கு எம்புள்ள மணவறையில உக்காரும்போது, கூடப் பொறந்தவன் எங்கன்னு கேப்பாக. எம்மூஞ்சிய எங்க வைக்க?" என்றாள். 'ஒன் மூஞ்சி நிலா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் சொல்லவில்லை.

எத்தனை ஊருக்குப் பேசினவன் நான். விருமாண்டியின் பாட்டனாருக்குக் குதிரை கொடுத்தவன். சொந்த வீட்டில் நிற்கிற ஒருத்திக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லையே?

16 ஆகஸ்ட்

எங்கள் இருவருக்கும் தெரியாமல் சத்யப்ரியா மாமாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். சுற்றி வளைக்கவில்லை. "மாமா, வருவீங்களா மாட்டீங்களா" என்று கேட்டிருக்கிறாள். இதுவா கேட்கிற முறை? என் மகள் மாதிரியா இருக்கிறது?

வருகிறாராம். ஒரே நிபந்தனை. கல்யாணத்தில் நான் மைக்கைத் தொடக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"சரின்னுட்டேன்பா" என்றாள்.

இவள் கல்யாணத்துக்கென்று இவள் பிறந்த அன்றிலிருந்து வசனம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஊர்க்காரன் பிள்ளைகளுக்கெல்லாம் பேசினேன். இதற்குப் பேசக் கூடாதாம்.

18 ஆகஸ்ட்

ஆடி போய் ஆவணி. முனீஸ்வரியும் நானும் வெற்றிலை பாக்குத் தட்டோடு உசிலம்பட்டி போனோம். முதல் பத்திரிகையை வெள்ளைத்துரை வாங்கிக்கொண்டார். அக்காளும் தம்பியும் அழுதார்கள். அழகாக ஒரு வாக்கியம் வந்தது. பேசாமல் இருந்தேன். அது ஏப்பமாக வெளியே வந்தது. டாக்டர் வாயுத் தொல்லை என்பார்.

25 ஆகஸ்ட்

பத்திரிகை கொடுக்கப் போகிற இடமெல்லாம், "மைக் நீங்கதான அண்ணே" என்கிறார்கள். தொண்டையில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்தேன். மெட்ராஸில் இருந்து ஸ்பெஷலிஸ்ட் வந்ததாகவும் சொன்னேன். அதற்குத் தடையில்லையே.

4 செப்டம்பர், வியாழன். கல்யாணம்.

மண்டபத்திலிருந்து வந்ததும் எழுதுகிறேன்.

மைக் செட்காரன் கருப்புவே மைக்கைப் பிடித்துக்கொண்டான். வாசலில் கொட்டுச் சத்தம். தட்டுகள், மாலை, முன்னால் ஒரு கிடாய். கருப்பு சொன்னான்: "பொண்ணோட தாய்மாமன் சீர் வந்திருக்கு. உள்ள வரவும்." ரயில் வந்து நின்ற மாதிரி.

வெள்ளைத்துரை நகரவில்லை. கொட்டு நின்றது. கருப்பு இன்னொரு தரம் சொன்னான். நகரவில்லை. ஐயர் முகூர்த்தம் போகிறது என்று மேடையிலிருந்து கத்துகிறார். வெயில் ஏறிவிட்டது. முனீஸ்வரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகம் பதிந்தது. நான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"என்ன மச்சான், மரம் மாதிரி நிக்கிறீக. கூப்பிட மாட்டீகளா?"

"நீதான மாப்ள, வாயத் தொறக்கக் கூடாதுன்ன."

"மைக்ல கூடாதுன்னேன். ஊருக்குக் கேக்க வேணாம். எனக்குக் கேட்டாப் போதும்."

கூப்பிட வேண்டியதுதானே? சிங்கம் இருந்தது, மலை இருந்தது, விடிவெள்ளி இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. குனிந்தால் கிடாய் நிற்கிறது, கழுத்தில் மாலையோடு, நாக்கைத் தொங்கவிட்டு.

"உள்ள வா மாப்ள" என்றேன். "கிடாய் வெயில்ல நிக்குது."

அவர் கிடாயைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று. சத்யப்ரியா மாமா போட்ட மாலையோடுதான் மணவறையில் உட்கார்ந்தாள்.

5 செப்டம்பர்

பிள்ளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் சத்தமில்லை.

13 செப்டம்பர்

வண்டியூரில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தாய்மாமனை ஒரே வார்த்தையில் உள்ளே வரவைத்தவன் என்று பேச்சு பரவிவிட்டது. பரப்பியது நான்தான், ஆனால் பரவிவிட்டது. டீக்கடையில் சொல்லும்போது கிடாய் என்னைப் பார்த்துத் தலையாட்டியதாகவும் சேர்த்தேன். ஆட்டியது. ஈ ஓட்டியிருக்கலாம்.

விழாவில் தாய்மாமன் எத்தனை மணிக்கு வருகிறார் என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வெள்ளைத்துரை போன்.

"மச்சான், நாளைக்கு வேலையா?"

"இல்ல மாப்ள. ஏன்?"

"அந்தச் செவலை… பக்கத்து வீட்டுக்காரன் குடுக்க மாட்டேன் மாட்டேன்னான். வாங்கிட்டேன். இப்ப நம்ம தொழுவுலதான் நிக்குது. அன்னைக்கு நெத்திச் சுட்டியப் பத்தி ஏதோ சொன்னீகள்ல. வந்து ஒருக்காப் பாருங்க."

முனீஸ்வரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.