நீ அளந்து கீறிய பள்ளிவாசல்

வெள்ளவத்தை,
12.03.1997

அன்புள்ள துவாரகனுக்கு,

இந்தச் சாமத்தில் இருந்து எழுதுவதற்குக் குறை நினையாதே. கீழ்வீட்டு ஜவாஹிறா அன்ரியின் தம்பி இப்றாஹிம் விடிய ஐந்து மணிக்கு பம்பாய்க்குப் புடவை எடுக்கப் போகிறார், இறங்கியதும் உனக்குத் தபாலில் போடுவதாகச் சொன்னார், அதற்குள் முடிக்க வேண்டும். அகமதாபாத்தில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது அப்பா குளிக்கிறார் என்று சொன்னது பொய். அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோய் இன்றைக்கு எட்டு நாள். போனில் சொல்லப் பயமாக இருந்தது, யார் கேட்டுக்கொண்டிருப்பார்களோ தெரியாது.

நாலாம் திகதி விடியப்புறம் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அடையாள அட்டை, வீட்டுப் பதிவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அலுமாரியைத் திறந்தார்கள். நீ மாசியில் அனுப்பிய அந்தப் படம், பழைய பள்ளிவாசலை அளந்து கீறியது, மேல் தட்டிலேயே இருந்தது. சுவர், தூண், வாசல், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அளவு. இது எந்தக் கட்டடத்தின் பிளான் என்று சிங்களத்தில் கேட்டார்கள். அப்பா பள்ளி என்றார். எந்தப் பள்ளி, கொழும்பில் எங்கே, ஒரு தமிழன் ஏன் பள்ளியை அளக்கிறான் என்று கேட்டார்கள். நீ நாலு பக்கத்தில் விளக்கி எழுதியிருந்தாய் ராசா, உன் சாப்பாடு, காய்ச்சல் பற்றி நீ எழுதிய இடங்களை மட்டும் நான் வாசித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். இவ்வளவு படித்தும் அந்த நேரம் எனக்கு ஒரு கோட்டைக்கூட விளக்கத் தெரியவில்லை. ஸ்டேஷனில் என்னைப் பார்த்து நீ அவனுக்கு அக்காவா என்று கேட்டார்கள். தாய் என்றேன். இந்த வயதில் இவ்வளவு பெரிய பிள்ளையா என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஜவாஹிறா அன்ரிதான், அழுதுகொண்டிருக்காம வாங்க, எங்கட பள்ளிய நிர்வகிக்கிற நம்பிக்கையாளர் மர்ஸூக் ஹாஜியாருக்கு இதெல்லாம் வெளங்கும் என்று கூட்டிக்கொண்டு போனா. நான் அழவில்லை, அவ அப்படி நினைத்துவிட்டா. தெமட்டகொடைப் பக்கம் நூறு வருசத்துக்கு மேற்பட்ட பள்ளி. பகல் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பக்க வாசலால் போனோம். செருப்பைக் கழற்றினேன், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டேன், பொட்டையும் அழித்தேன். அன்ரி பார்த்துவிட்டு, ஏன் பொட்ட அழிச்ச நீங்க, அத ஆரும் கேக்கல்லயே என்று பேசினா. அப்பா பொலிஸில் இருக்கிற நேரம் பொட்டை அழித்தேனே என்று பிறகுதான் பட்டது. பட்டும் ஒன்றும் தோன்றவில்லை. தரை குளிர்ந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஹாஜியார் மேற்குச் சுவரில் வளைவாகக் குடைந்த மாடத்தையும் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியையும் காட்டினார். உன் படத்தில் அரைவட்டமாகவும் சதுரமாகவும் கீறியிருந்தவை இவைதான் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

அன்று பின்னேரமே அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். படத்தை மேசையில் விரித்து, மாத்தயா, இது தொழுற திசை, இது வுழுச் செய்யிற தொட்டி, இதுக்கும் அளவு போட்டிருக்கான், குண்டு வைக்கிறவன் கால் கழுவுற எடத்தையா அளப்பான் என்று கேட்டார். அதிகாரி சிரித்தார். அப்பாவை மட்டும் விடவில்லை. பள்ளிதான் என்று நம்புகிறேன், ஆனால் எந்த நாட்டில் என்பதற்குக் கடதாசி வேண்டும் என்றார்.

அதனால் உன் கல்லூரிப் பிறின்சிபலிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கு. நீ அங்கே கட்டடக்கலை படிப்பது, பழைய பள்ளிவாசல்களை அளந்து கீறுவது வகுப்பு வேலை என்பது, அந்தப் பள்ளியின் பெயர், தெரு, நீ போன திகதி எல்லாம் இருக்க வேண்டும், முத்திரையும் வேண்டும். ஹாஜியார் கடை பெக்ஸ் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இருபத்தேழாம் திகதிக்குள் வராவிட்டால் அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு பார்க்க விடமாட்டார்கள் என்று லோயர் சொல்கிறார். நேற்று அஞ்சு நிமிடம் பார்த்தேன். மெலிந்துவிட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம், தம்பியின் கல்லூரிச் சோதனை முடியட்டும் என்றார். நான் சொல்கிறேன்.

உன்னில் பிழை இல்லை. பள்ளிகளுக்குப் போவதை விடாதே, அவர்கள் சொல்கிற மாதிரி நட, தொழுகிற நேரம் குறுக்கே போகாதே. படம் மட்டும் இங்கே அனுப்பாதே. தங்கச்சி அருந்ததி இரவில் அப்பா உடுக்கிற சறத்தைப் பிடித்துக்கொண்டு படுக்கிறாள், வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் உனக்குத் துணை இருப்பார், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

கெதியாகப் பதில் போடு.

உன் அம்மா,
நா. பத்மாவதி