ஒரே வாரிசு

மார்ச் 4

மச்சான்,

உன் அக்கா சாகவில்லை. நேற்று என் வீட்டு வாசலில் நின்றாள். சிநேகிதன் என்று நம்பி நான் உன்னிடம் வாங்கிய வீட்டு வாசலில்.

வக்கீல் நோட்டீஸைக் கையிலேயே கொடுத்தாள். அப்பா வீட்டில் அவளுக்குப் பாதியாம். அவள் கையெழுத்து இல்லாத விற்பனை செல்லாதாம். பத்திரத்தில் "நான் ஒரே வாரிசு" என்று எழுதியிருக்கிறாயே, எந்தத் தைரியத்தில்?

என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

பதில் எழுது.

மார்ச் 13

அன்புள்ள மச்சானுக்கு,

உன் வீட்டுத் தங்கச்சிக்கு முதுகுவலி தேவலையா? குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்குத்தான் சளி விட்டபாடில்லை.

நான் பொய் சொல்லவில்லை. "அக்காவா? அவளைத் தலைமுழுகியாச்சுடா" என்றுதான் சொன்னேன். செத்துப்போனாள் என்று எடுத்துக்கொண்டது நீ. அவள் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்றே அப்பா தலைமுழுகிவிட்டார். எங்களுக்கு அவள் இல்லை.

வாங்குகிறவன்தானே விசாரிக்க வேண்டும்? ஒரு வக்கீலிடம் காட்டியிருக்கலாமே. கோபப்படாதே.

உன் அன்பு மச்சான்

மார்ச் 20

மச்சான்,

வக்கீலிடம் காட்டுகிறேன் என்றேன். "என்மேலயே சந்தேகமாடா?" என்று தோளில் தட்டினாய். வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது.

தலைமுழுகுவது உன் வீட்டுக் கோபம். பத்திரத்தில் "தலைமுழுகிய அக்கா ஒருத்தி உண்டு" என்றா எழுதினாய்? உங்கள் கௌரவத்துக்கு என் குடும்பம் ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

அவளைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். "தம்பி, உங்கமேல கோபமில்ல. பங்கை மட்டும் விடமாட்டேன். நான் ஏன் விடணும்?" என்றாள். அவள் சொன்னது நியாயம். எழுந்து வரும்போது கேட்டாள்: "அப்பா கடைசில என்னைப் பத்தி எதாவது கேட்டாரா?"

எனக்கு என்ன தெரியும்?

மே 2

மச்சான்,

போன கடிதத்தை அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. வாங்க மறுத்தாயாம். இதைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன்.

அவள் போட்ட வழக்கில், கோர்ட்டில் உன் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்தோம்.

"வில்லங்கம் வந்தால் முன்னின்று தீர்த்துத் தருவேன்" என்று கையெழுத்துப் போட்டவன் நீ. அடுத்த வாய்தாவுக்கு வா. வந்து நீதிபதியிடம் சொல், உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று.