அப்பா அம்பயராக நிற்காத ஆட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? குவாண்டனாமோ ராணுவச் சிறை முகாமில் வேலை பார்த்துக்கொண்டு நான் சௌக்கியம்.

போர்க்கைதி முக்பிலுக்காக நேற்று வாதாடினேன். அவரைப் பிடித்தது நம் அமெரிக்க ராணுவம். குற்றம் சாட்டுவதும், தீர்ப்புச் சொல்வதும், அவருக்கு வக்கீலாக என்னைப் போட்டதும் அதே ராணுவம்தான். இந்த விசாரணை சட்டப்படி செல்லாது என்றேன். நீதிபதியான கர்னலுக்குச் சுருக்கென்றது.

"எங்க நேர்மைய சந்தேகப்படுறீங்களா, கேப்டன்?"

"இல்லீங்க ஐயா. எங்கப்பா முப்பது வருஷமா பேஸ்பால் அம்பயர். நான் ஆடுற ஆட்டத்துக்கு மட்டும் நிக்கவே மாட்டார். அவருக்கு நேர்மை இல்லாமலா?"

கர்னல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உத்தரவு திங்கட்கிழமை வருகிறது. ஜெயித்துவிடுவேன், பாருங்கள். என் ஆட்டத்துக்கு நீங்கள் நிற்காததற்காகவே சின்ன வயதில் உங்களோடு எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்!

நீதிமன்றத்தில் ஏசிக் குளிர் தாங்கவில்லை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். புதிது வேண்டாம், உங்களுடைய பழையதே போதும்.

விசாரணை முடிந்ததும் முக்பில் மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னிடம் கேட்டார்: "அந்த அம்பயர இங்க கூட்டிட்டு வர முடியுமா?"

"வர மாட்டார். ஆடுறது நானாச்சே" என்றேன்.

கடிதம் கொண்டுபோகும் படகு கிளம்புகிறது.

உங்கள் நோரீன்