சுவரில்லாத கதவு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்காமல் இருக்க வேண்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நீங்கள் ஒரு "ம்" போட்டால் போதும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு அங்கே மழையா என்று கேட்டுவிடுகிறேன். காகிதம் "ம்" போடாது.

அடுத்த மாதம் நீங்கள் ஒரேயடியாகத் திரும்பி வந்ததும், நான் ஓவிய வகுப்பை நிறுத்திவிட்டு, நான் படம் வரையும் பின்னறையை உங்கள் பெட்டிகளுக்குக் காலி செய்ய வேண்டும் என்றீர்கள். பதில் கடைசியில். முதலில் சனிக்கிழமைக் கதை.

வகுப்போடு நவீனக் கலைக் கண்காட்சிக்குப் போனேன். மற்றவர்கள் எல்லாம் நம் மகள் வயது. காவலாளி என்னை மட்டும் நிறுத்தி, "பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்த டீச்சரா?" என்றார். மாணவி என்றதும் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தில் இருப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உள்ளே கம்பிச் சுருள், கிழிந்த மெத்தை, தலைகீழாகத் தொங்கும் சைக்கிள். உங்கள் அக்கா பார்த்திருந்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு விலை பேசியிருப்பார். நடுக்கூடத்தில் ஒரு கதவு. சுவர் கிடையாது, நிலையோடு தனியாக நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பெரிய பெரிய வார்த்தைகளாகக் குறிப்பெடுத்தார்கள். எனக்கோ, மூடிய கதவைக் கண்டதும் கை தானாகத் தட்டிவிட்டது. அதோடு விட்டேனா? தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு காத்தும் நின்றேன்! கூடமே சிரித்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, "வாங்கம்மா, திறந்துதான் இருக்கு" என்று ஒரு குரல். காவலாளி என்று நாங்கள் நினைத்திருந்தவர்தான்; அதைச் செய்த கலைஞரே அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் சுத்திப் போனாங்க, எட்டிப் பார்த்தாங்க. தட்டினது நீங்கதான் முதல்" என்றார். சிரித்த கூட்டம் தட்டுவதற்கு வரிசை கட்டியது. நானும் சும்மா இருப்பேனா, "ஒவ்வொருத்தரா வாங்கப்பா" என்று ஒழுங்குபடுத்தினேன்.

வீடு வரும்வரை ஒரே யோசனை. சுவரே இல்லாத கதவைத் தட்டியவள் நான். ஆனால் நான் குளியலறையில் இருந்தாலும் "கத்தரிக்கோல் எங்கே?" என்று கேட்கிற குடும்பத்தில், பிறர் தட்டிவிட்டு வர எனக்கென்று ஒரு கதவு இருந்ததே இல்லை.

ஆகவே, வகுப்பு தொடரும். பெட்டிகளுக்குக் கட்டிலடியைத் துடைத்து வைத்துவிட்டேன். வாசற்கதவின் சாவி உங்களிடம் இருக்கிறது. அது திறக்கும் சத்தத்துக்குத்தான் இத்தனை வருஷமும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பத்திரமாக வந்து சேருங்கள். பின்னறைக் கதவை மட்டும் தட்டுங்கள், உள்ளே இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
ஓவிய வகுப்பு, முதலாம் ஆண்டு