டீசல் வாங்கப் போன மச்சானுக்கு

என் அன்பு மச்சான் எபிக்கு,

'அன்பு' என்று எழுதிவிட்டேன், அங்கே உட்கார்ந்துகொண்டு சிரிக்காதே. இருந்தபோது 'டேய் எருமை' என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். செத்தவனுக்குக் கொஞ்சம் மரியாதையைக் கூட்டிக் கொடுப்பது ஊர் வழக்கம். நம் சபையில் உனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வாலிபர் ஞாயிறு. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை அழைத்திருந்தார்கள். தலைப்பு, 'விழித்திருங்கள்'. நன்றாகத்தான் பேசினார். பாதியில் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"இதே சபையில ஒரு தம்பி இருந்தான். ஆராதனை நேரம். எல்லாரும் ஜெபத்துல இருக்காங்க. அவன் மட்டும் ஜி.எஸ்.டி. ரோட்டுல சைக்கிள்ல சுத்திக்கிட்டு இருந்தான். தண்ணி லாரி வந்துச்சு. அவன் ஆயத்தமா இருந்தானா?"

பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டுமா என்ன? ஊரப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் லாரியில் அடிபட்டுச் செத்த சபைப் பையன் உன்னைத் தவிர யார்?

பெண்கள் பக்கம் பார்த்தேன். உன் அம்மா எழுந்துவிட்டார்கள். என் அத்தை அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை, எபி. யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடும் சத்தம் மட்டும் உள்ளே கேட்டது.

அங்கே இருந்த பாதிப் பேருக்கு மேல் நடந்தது தெரியும், மச்சான். அன்று கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட ஜெபம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் தபேலாவின் மேல் சாய்ந்து நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தேன். நீதான் என் விலாவில் குத்தினாய்.

"மச்சான், ஜெனரேட்டர் இருமுதுடா. டீசல் தீரப்போவுது."

"நீ இன்னா டாக்டரா? கண்ண மூடு."

"மைக் போச்சுன்னா வெளிய ஷாமியானால உக்காந்துகினு கீறவங்களுக்கு ஒண்ணும் கேக்காதுடா."

நேராகப் போய்ச் செயலாளர் அங்கிளின் காதில் சொன்னாய். அவர் கண்ணைக்கூடத் திறக்காமல் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டி, "சீக்கிரம் வாடா, பிரசங்கத்துக்குள்ள வந்துடணும்" என்றார். நீ கேனை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனாய். அவ்வளவுதான், போயே விட்டாய். அந்த ஆலயத்தில் அந்த நேரத்தில் விழித்திருந்தவன் நீ ஒருவன். உன்னையே தூங்கினவனாக்கிவிட்டார்கள்.

பிரசங்கியாருக்குக் கதை சொன்னது யார்? காலையில் காபி கொடுத்தபடியே, "நம்ம சபையிலயே ஒரு சம்பவம் இருக்கு பிரதர்" என்று செயலாளர் அங்கிள் ஆரம்பித்ததை நானே கேட்டேன். 'அவனை அனுப்பினது நான்தான்' என்ற வரியை மட்டும் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டார் போல.

இன்னொரு செய்தி. இப்போது ஆலயத்துக்கு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. அதற்கு மாலை போடாத குறையாக ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார்கள். ஒரு பேட்டரிக்குக் கிடைத்த நாலு நல்ல வார்த்தை உனக்குக் கிடைக்கவில்லையே, மச்சான்?

பிரசங்கம் முடிந்ததும் சாட்சி நேரம். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டது, ஸ்தோத்திரம். ஒருவருக்கு விசா வந்தது, ஸ்தோத்திரம். நான் எழுந்தேன். வாலிபர் வரிசையில் ஒரே சிரிப்பு. நியாயம்தான். பாட்டெண் பலகையை மாற்றிவைத்து, மாப்பிள்ளை உள்ளே வரும்போது அடக்க ஆராதனைப் பாட்டைப் பாடவைத்தவன் எழுந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அப்பா, "டேய், உக்காருடா" என்று பல்லைக் கடித்தார்.

மைக்கைப் பிடித்தேன்.

"நீங்க சொன்னது ஒரு சாட்சி. நான் சொல்லப்போறது கோர்ட்டுல சொல்ற சாட்சி. நான் பக்கத்துலயே இருந்தேன்."

இருமலில் ஆரம்பித்துக் கேன் வரைக்கும் சொன்னேன். "தூங்கினது நான். எபி முழிச்சிட்டிருந்தான். அவனை டீசலுக்கு அனுப்பினவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க."

"போதும், தம்பி" என்றார் போதகர் ஐயா. அவர் போதகர் இல்லை மச்சான், 'போதும்'கர்.

பிரசங்கியாரின் முகம் செத்துப்போய்விட்டது. "எனக்கு நீங்க இப்படிச் சொல்லலையே, பிரதர்" என்று செயலாளர் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் வாட்சைப் பார்த்தார். "நேரமாச்சு, காணிக்கைப் பாட்டுக்குப் போயிடலாம்."

பாடினார்கள், மச்சான். ஒரு சரணம்கூட விடாமல் பாடினார்கள்.

மத்தியானம் அத்தையைப் பார்க்கப் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். சேதி எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது.

"மைக்குலயா சொன்ன?"

"ஆமா, அத்தை."

"வெளிய கேட்டுச்சா?"

"மீன் விக்கிற அக்கா கூடைய எறக்கி வச்சிட்டு நின்னு கேட்டாங்களாம்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இனிமே நான் அங்க காலெடுத்து வைக்கமாட்டேன்டா. ஜெபம் வீட்டுலயே பண்ணிக்கிறேன்."

"அப்ப நானும் போவல."

உரித்த பூண்டு என் நெற்றியில் வந்து விழுந்தது. "நீயும் போவலன்னா அவங்க சொன்னதுதான்டா நிக்கும். என் புள்ள முழிச்சிருந்தான்னு அங்க யாருடா சொல்றது?"

விழுந்த பூண்டைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். என் கோபம் அங்கிளோடு நிற்கவில்லை. மேலே இருக்கிறவர் மேலும்தான். அவருடைய மைக்குக்குத்தானே டீசல் வாங்கப் போனாய்? அந்த லாரியை அவர் கொஞ்சம் பிடித்துவைத்திருக்கக்கூடாதா? இதைக் கேட்டால், "அவரைக் கேள்வி கேக்காத" என்கிறார்கள். கேட்காமல் எப்படி ஜெபம் செய்வது? உன்னிடமாவது ஏதாவது சொன்னாரா?

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நீ போனபிறகு ஆராதனையில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. முன்பு வாய் பாடும், மனசு தாம்பரம் மார்க்கெட்டில் சுற்றும். இப்போது ஒவ்வொரு வரியையும் 'இது நிஜமா?' என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பாடுகிறேன். பதில் வராத வரிகளில் வாயை மூடிக்கொள்கிறேன். இது பக்தியா, பகையா? தெரியவில்லை. ஆனால் அவரோடு நான் இவ்வளவு பேசியதே இல்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. வருகிற ஞாயிறும் போவேன். தபேலாவுக்குப் பின்னால் ஒளிந்து இல்லை, செயலாளர் அங்கிளின் கண்ணுக்கு நேரே உட்காருவேன். 'நான்தான் அனுப்பினேன்' என்று அவர் அத்தையின் வாசலில் வந்து நின்று தன் வாயால் சொல்லும்வரை, ஒவ்வொரு சாட்சி நேரத்திலும் எழுந்திருப்பேன். ஆராதனைக்கு வருகிறவன் ஆறிப்போய்த்தான் வரவேண்டுமா என்ன?

இன்னும் ஆறாத,
உன் மாமன் மகன்
டேனி