ஒன்பது குடமும் ஒரு மீன்தொட்டியும்

அன்புள்ள டீச்சருக்கு,

“இந்த மேசை தாங்குமா டீச்சரம்மா?” என்று உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். “தாராளமாத் தாங்கும்ணே” என்றேன். என் வாழ்நாளில் ஒரு கேள்விக்கு நான் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. அவ்வளவு தப்பாகவும் சொன்னதில்லை. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நேற்று அந்தக் கேள்வி மறுபடியும் காதில் ஒலித்தது.

எங்கள் வீட்டுச் சன்னலுக்குக் கண்ணாடி மாற்ற ஒருவர் வந்திருந்தார். சுண்ணாம்புப் பொடியில் எண்ணெய் விட்டு, சப்பாத்தி மாவு போல, கண்ணாடியை ஒட்டும் மக்கைப் பிசைந்து, கண்ணாடியின் விளிம்பில் விரலால் தேய்த்துக்கொண்டு போனார். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். “என்னம்மா வேணும்?” என்றார். “ஒண்ணுமில்ல, நீங்க வேலையப் பாருங்க” என்றேன். அவரிடம் எப்படிச் சொல்வது? கீரனூரில் உங்கள் படுக்கையறைக்குள் அந்த மூன்றடி மீன்தொட்டி வந்து இறங்கிய அன்று அறை முழுக்க இந்த வாசனைதான்.

நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. உங்களிடம் சொல்ல நினைத்த ஒரு செய்தியும் இதில் இருப்பதால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளியில் இருந்தோம். உங்களுக்கு ஐந்தாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டிதான் சுவர். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் உங்கள் பிள்ளைகளும் சேர்ந்து ஒப்பிப்பார்கள். நீங்கள் கதை சொன்னால் என் பிள்ளைகள் கணக்கை நிறுத்திவிடுவார்கள். நான் அண்ணன் என்று கூப்பிடும் உங்கள் வீட்டுக்காரர் திருச்சிக்கு பஸ் ஓட்டினார். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், ஆவூரில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அவருடைய பஸ்ஸிலேயே திரும்பி வந்தீர்கள். இறங்கும்போது ஈரப் படிக்கட்டில் கால் வழுக்கியது. தொடை எலும்பு முறிந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் அசையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஸ் நின்றுதான் இருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அண்ணன் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டார். “என் வண்டியில விழுந்துட்டா டீச்சரம்மா” என்பார், யார் வந்தாலும். நீங்கள் கட்டிலில் இருந்தபடியே, “ஆமா, வேற கம்பெனி வண்டியில விழுந்திருந்தா வலிக்காம இருந்திருக்கும்” என்பீர்கள்.

நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நாளெல்லாம் நடந்துகொண்டிருந்தவருக்கு, திடீரென்று பார்க்கக் கிடைத்தது ஓட்டுச்சாய்ப்பும் ஒரு பல்லியும்தான். “அந்தப் பல்லிக்குப் பேரு வச்சிட்டேன் டீச்சர்” என்று ஒருநாள் சொன்னீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள் திருச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் நேரே போனது வளர்ப்பு மீன் விற்கும் கடைக்கு.

அந்தத் தொட்டி வந்த விதத்தை ஊர் ரொம்ப நாள் பேசியது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்திய தொட்டி, மூன்றடி நீளம். வைக்கோல் சுற்றி, பஸ்ஸின் மேல்தட்டில் கட்டி, மாட்டுவண்டிக்கும் வழிவிட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பாதி வழியில் ஒரு பெரியவர் எழுந்து, “ஏம்ப்பா டிரைவரு, வண்டிக்குள்ள பிரசவக் கேசு எதுவும் இருக்கா?” என்று கேட்டாராம். “மேல இருக்குங்க” என்றாராம் அண்ணன்.

“ஏங்க இம்புட்டுப் பெருசு?” என்றீர்கள் நீங்கள்.

“மேசையை மொழம் போட்டு அளந்துட்டுத்தான் போனேன். மூணரை அடி மேசை, மூணடித் தொட்டி. கச்சிதமா உக்காரும்.”

அப்படித்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். மேல்தட்டில் சாமான் ஏற்றிப் பழகிய கைக்கு, இடம் பொருந்தினால் எல்லாம் பொருந்தின மாதிரி. மேசையோ மாம்பலகை மேசை. ரெண்டு பலகை சேர்த்த மேற்பரப்பு, நாலு கால். அதை உங்கள் தலைமாட்டில் போட்டு, படுத்தபடியே மீன் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். வீட்டில் கனத்த மேசை இன்னொன்று இருந்தது. அதில் மாதா சுரூபம் இருந்தது. அவர் பார்வை அந்தப் பக்கம் போனதுமே நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். “மாதாவை எறக்கிட்டு மீனை ஏத்தலாம்னு பாக்குறீங்களா? அந்த நெனப்பே வேணாம்.”

அப்போதுதான் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்த வருடம்தான் பள்ளிகளில் லிட்டரும் கிலோவும் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்ற அழகில் நான் மயங்கிக் கிடந்த காலம். கையில் சாக்பீஸ் வேறு இருந்தது. உங்கள் சிமெண்டுத் தரையிலேயே நீளம், அகலம், உயரம் பெருக்கினேன். ஏறக்குறைய நூறு லிட்டர். அப்படியென்றால் நூறு கிலோ. “ரெண்டு ஆளு கனம். அண்ணே, நீங்க மேல ஏறுங்க.” அவர் ஏறினார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். மேசை நின்றது. பொதுக்கூட்டத்தில் பேச வந்தவர்கள் போல நாங்கள் இருவரும் அதன்மேல் நின்றோம். “பாத்தீங்களா?” என்றேன்.

நீங்கள் எங்களைப் பார்க்கவில்லை. தரையில் நான் போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“எத்தனை கொடம் டீச்சர்?”

“என்னது?”

“நூறு லிட்டர்னா எத்தனை கொடம்?”

நானும் திருவரங்குளத்தில் குளத்திலிருந்து குடம் சுமந்து வளர்ந்தவள்தான். ஆனால் சாக்பீஸைத் தொட்டால் குடம் மறந்துவிடும் எனக்கு. யோசித்து, “ஏழு வரும்” என்றேன்.

“அப்புறம் மண்ணு? கூழாங்கல்லு? அந்த இரும்பும் கண்ணாடியும் கனமில்லையா?”

தண்ணீரை மட்டுமே கணக்கில் எடுத்திருந்தேன். தொட்டியை மறந்துவிட்டுத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

“ஒம்பதுன்னு வைங்க. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் ஒம்பது கொடத்தை நெறச்சு மேசைமேல வைங்க. பொழுதுக்கும் இருக்கட்டும். இங்கிட்டு வேணாம், அங்கிட்டு சுவரோரமாப் போடுங்க. விழுந்தா சுவருதானே பாத்துக்கும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உங்கள் வீட்டில் மூன்று குடம், என்னுடையது ஒன்று. மீதி ஐந்தும் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கியது. எல்லாம் பித்தளை, எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருந்தது. கீழே ஆறு, அவற்றின்மேல் மூன்று என்று அடுக்கியபோது சீர்வரிசை போல மின்னியது. தெருவே எட்டிப் பார்த்தது. “யாருக்கு விசேஷம்?” என்று ஒருவர் கேட்க, “மீனுக்கு” என்றீர்கள்.

பத்து மணிக்கு மேசை அசையவில்லை. பன்னிரண்டுக்கும் அசையவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அதற்குள் பக்கத்து வீட்டு அம்மா மூன்று தரம் வந்துவிட்டார். “ஒலை வைக்கத் தண்ணி புடிக்கணும். எங் கொடம் எப்ப வரும்?”

“இன்னுஞ் செத்த நேரம் பொறுங்க. பரிச்சை நடக்குது.”

“கொடத்துக்கா மேசைக்கா?”

“டீச்சருக்கு” என்றீர்கள் என்னைக் காட்டி.

நாலு மணி வாக்கில், தலையணை அடியில் இருந்த நூல்கண்டை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். மேசையின் விளிம்போரம், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னீர்கள். நான் ஒரு முனை, அண்ணன் ஒரு முனை. இரண்டு ஓரத்திலும் நூல் பலகையை ஒட்டியிருந்தது. நடுவில் ஒட்டவில்லை. என் சுண்டுவிரல் உள்ளே போனது.

மேசை உடையவில்லை, முறியவில்லை. மெல்லத் தொய்ந்திருந்தது, அவ்வளவுதான். அரிசி மூட்டை வைத்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மூட்டை வளைந்து கொடுக்கும். கண்ணாடி வளையாது. அடியில் பலகை தொய்ந்தால் மக்கு விட்டுக்கொடுக்கும், நீர் கசியும், பிறகு ஒருநாள் கண்ணாடி விரியும். அது மட்டுமா? குனிந்து பார்த்தேன். முன்கால் ஒன்றின் பொருத்து விலகி, மேசை அறைப் பக்கமாக ஒரு இழை சாய்ந்திருந்தது. தலைமாட்டில் போட்டிருந்தால் அது உங்கள் கட்டில் பக்கம். இடுப்பு வரை மாவுக்கட்டோடு, எழுந்து ஓட முடியாத உங்கள் பக்கம்.

அண்ணன் நூலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். “மறுபடியும் என்னாலயே ஒனக்கு…” என்று ஆரம்பித்தார். நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தாங்கும் என்று சொன்ன வாய் என்னுடையது.

நீங்கள்தான் பேசினீர்கள்.

“ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி ஏன் உக்காந்திருக்கீங்க? கொடத்தை எறக்குங்க, அந்தம்மா ஒலை வைக்கணும். டீச்சர், ஒங்க கணக்கு சரி. கேட்ட கேள்விதான் பத்தல. தாங்குமான்னு கேட்டா எதுவும் தாங்கும். நாளெல்லாம் தாங்குமான்னு கேக்கணும்.”

அண்ணன் உடனே எழுந்து, தேக்கில் புது மேசை செய்கிறேன், இரும்பில் கால் அடிக்கிறேன் என்று தொடங்கிவிட்டார். தொட்டியைச் சிறிதாக்க அவருக்கு மனம் வரவில்லை. தன் மனக்குறைக்கு மூன்றடியே போதாது என்று நினைத்தாரோ என்னவோ. நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள்.

“எனக்கு மீனு பாக்கணுங்க. கடலு பாக்க வேணாம். இருக்கிற மேசைக்கு ஏத்ததா ஒண்ணு கொண்டாங்க.”

ஆசாரி வந்து காலை இறுக்கி, பலகைக்கு அடியில் இரண்டு சட்டம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மறுபடியும் குடம். பக்கத்து வீட்டு அம்மா இந்த முறை காலையிலேயே தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, குடத்தோடு தானும் வந்து உட்கார்ந்துவிட்டார், வேடிக்கை பார்க்க. சாயங்காலம் வரை ஆறு குடத்தைச் சுமந்தும் நூல் விலகவில்லை. ஆறு தாங்கினால் ஆறு வைக்கலாம் என்றார் அண்ணன். “நாலு போதும். மேசையும் கொஞ்சம் மூச்சு விடட்டும்” என்றீர்கள். மண், கல், தொட்டி எல்லாம் சேர்த்து நாலு குடம் என்றால், தண்ணீருக்கு மூன்று. அந்த அளவுக்குத்தான் நான் கணக்கைத் திருப்பிப் போட்டேன்: ஒன்றரையடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கடையில் இருப்பதைப் பார்த்து மேசையைத் தேடாமல், மேசையைப் பார்த்துத் தொட்டியைத் தேர்ந்தோம். மேசை, சோதித்துப் பார்த்த அந்தச் சுவரோரமே நின்றது; சுற்றிலும் பலகை மிச்சம் இருந்தது. எந்த மூலையும் வெளியே நீட்டவில்லை.

பெரிய தொட்டி அதே வைக்கோலோடு திருச்சிக்குத் திரும்பிப் போனது. சின்னது மேல்தட்டு ஏறவில்லை. முன்சீட்டில் ஒரு பயணி மடியில் வந்ததாம். பின்னாலேயே ஒரு தூக்குப்பாத்திரத்தில் நாலு கறுப்பு மோலி மீனும் இரண்டு தங்கமீனும் வந்தன. அவற்றைத் தொட்டியில் விட்டபோது நீங்கள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஒரு மீன் கண்ணாடிக்கு வந்து உங்களை உற்றுப் பார்த்தது. “ஆஜர்னு சொல்லுது டீச்சர்!” என்றீர்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் வருகைப் பதிவு. அண்ணன் டூட்டிக்குக் கிளம்பும் முன் கட்டிலருகே குந்தி உட்கார்ந்து அவர்தான் “உள்ளேன்” சொல்வார், ஆறு மீனுக்கும் ஆறு குரலில். உங்கள் சிரிப்பில் கட்டில் ஆடும். கட்டு பிரிக்கும் முன்பே ஒரு மோலி குஞ்சு போட்டது. கட்டு பிரித்ததும், நீங்கள் கம்பு ஊன்றி முதலில் நடந்த தூரம் கட்டிலிலிருந்து தொட்டி வரை. நாலே எட்டு. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் நின்று கை தட்டினோம்.

உங்களிடம் சொல்ல நினைத்த செய்திக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் வகுப்பு மாறிவிட்டது, டீச்சர். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கிடைத்தால் கரும்பலகை வேலை, நாடகம், ஒப்பித்தல் எல்லாவற்றையும் அதன் தலையிலேயே ஏற்றுவது என் வழக்கம். “முடியுமா?” என்று கேட்பேன். “முடியும் டீச்சர்” என்று சொல்லும். எந்தப் பிள்ளைதான் முடியாது என்று சொல்லும்? பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து, அந்தப் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறது, பென்சிலை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். தொய்வு தெரிந்தால் ஒரு குடத்தை இறக்கிவைப்பேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். இது உங்களிடமிருந்து வந்தது என்று ஒருநாளும் உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பீர்கள்.

இப்போது மேசை, தாங்கி, அலமாரி எது வாங்கினாலும் வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். நானும் பார்த்துச் சொல்கிறேன், அவசரப்படாமல்.

இந்த மடலை வேறு யாராவது படித்து, வீட்டுக்கு மீன்தொட்டி வாங்க எண்ணினால், அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைக்குப் போகும் முன் உங்கள் மேசையைச் சுவரோரம் போடுங்கள். தொட்டியின் தண்ணீருக்கும் மண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஈடாகக் குடங்களை நிரப்பி அதன்மேல் ஒரு பகல் முழுக்க வையுங்கள். சாயங்காலம் விளிம்போரம் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.