கீறலுக்கு அடியில் ஒரு கோடு

பிப்ரவரி 4, செவ்வாய்

கட்டுரையின் டிராஃப்ட் திரும்பி வந்தது. முதல் பக்கத்திலேயே 'அற்புதமான' என்ற சொல்லை எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடம் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "உன் ஆய்வை நீயே புகழாதே" என்று எழுதியிருக்கிறார். சரி, நியாயம்தான். ஆனால் கடைசிப் பக்கத்தில் நான் 'குறிப்பிடத்தக்க' என்று எழுதியதை அவரே 'மிகவும் குறிப்பிடத்தக்க' ஆக்கியிருக்கிறார். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.

மாதக் கடைசிக்குள் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும். மார்ச் 28 நேர்முகத் தேர்வு. கட்டுரை அனுப்பிய அத்தாட்சி இல்லாமல் அங்கே போய் நிற்பதும், போகாமல் இருப்பதும் ஒன்றுதான். வேலை கிடைத்தால் வீட்டுக்காரரும் பாப்பாவும் இருக்கிற ஊரிலேயே நானும் இருக்கலாம். சனிக்கிழமை ஒரு ரயில், ஞாயிற்றுக்கிழமை ஒரு ரயில் என்று பாப்பாவுக்கு ஒரு வயதானதிலிருந்து ஓடுகிறேன். இந்த ஓட்டம் நின்றால் போதும்.

பிப்ரவரி 5, புதன்

உப்புக்கரைசல் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. பயில்வான் மூடியிருக்கிறார், வேறு யார்? ஆள் ஒல்லிப்பிச்சான், ஆனால் அவர் மூடிய மூடியைத் திறக்க ஆய்வகமே வரிசையில் நிற்க வேண்டும். என்னைவிட மூத்தவர், நேரில் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "கைப்பழக்கம்மா, என்ன பண்ண" என்று சிரித்துக்கொண்டே திறந்து கொடுத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டாள். தோலிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்க்கிறேன், அவை பாய் விரித்தமாதிரி தட்டின் தரை முழுக்கப் பரவும், நடுவில் ஒரு கோடு கீறிவிடுவேன், இரண்டு பக்கச் செல்களும் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடும், எங்கள் மருந்தைப் போட்டால் இன்னும் சீக்கிரம் மூடும் என்று சொன்னேன்.

"அதுங்களுக்கு வலிக்காதா?"

வலிக்காது என்றேன். அப்புறம் எதற்கு மருந்து என்று கேட்டாள். பத்திரிகைக்காகக் கட்டுரையைச் சோதிக்கிற ரிவ்யூவர்கூட இப்படிக் கேட்க மாட்டார்.

கிளம்பும்போது அழவில்லை. முன்பெல்லாம் அழுவாள். அழாததுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

செய்முறைப் பகுதி எழுதினேன். 'கீறல்கள் பிப்பெட் குழாயின் பிளாஸ்டிக் முனையால் போடப்பட்டன.' அவ்வளவுதான். எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

மருந்து போட்ட தட்டுகளெல்லாம் என்னுடையவை. மருந்து போடாத, ஒப்பிட்டுப் பார்க்கிற கண்ட்ரோல் தட்டுகளெல்லாம் பயில்வானுடையவை. மருந்து இருப்பதே ஒரு சின்னக் குப்பி. தீர்ந்துவிட்டால் மறுபடி செய்து தர வேதியியல்காரர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால், ஒருத்தர் மட்டும் அதைத் தொட்டால் போதும் என்று மேடம் ஆரம்பத்திலேயே உத்தரவு போட்டுவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. குப்பிக்கு நான்தான் காவல்.

பிப்ரவரி 17, திங்கள்

படங்களைச் சுருக்காமல், மூல அளவிலேயே அனுப்பச் சொல்கிறது பத்திரிகை. பழைய கோப்புகளையெல்லாம் திறந்து உட்கார்ந்தேன். ஒரு கண்ட்ரோல் படம் மங்கலாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டினேன். கீறலுக்கு நடுவே மெல்லியதாக ஒரு நேர்கோடு. தலைமுடி என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

மருந்து போட்ட படங்களில் இல்லை. ஒன்றில்கூட.

கேமராவில் கோளாறு என்றால் எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமே?

பிப்ரவரி 18, செவ்வாய்

சாயம் ஏற்றிக் காயவைத்த பழைய தட்டுகள் சில அலமாரியில் கிடந்தன. ஒரு கண்ட்ரோல் தட்டை எடுத்து, கீறல் இருந்த இடத்தில் நகத்தால் குறுக்கே தடவினேன். இடறியது. என் தட்டில் தடவினேன். வழவழவென்று போனது.

செல்களை மட்டும் கீறவில்லை. தட்டையே கீறியிருக்கிறார். செல்கள் பிடித்து நகர்வதற்காகத் தட்டின் மேல் ஒரு பூச்சு இருக்கும். அதுவும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பெயர்ந்து வந்திருக்கிறது. பள்ளம் விழுந்த தரையில் எது வேகமாக நடக்கும்? கண்ட்ரோல் மெதுவாக மூடியதற்கு மருந்து இல்லாதது காரணமா, அவர் கை காரணமா?



பிப்ரவரி 19, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. புதுத் தட்டுகள் போட்டிருக்கிறேன். இந்த முறை கண்ட்ரோலையும் நானே கீறினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மூடிவிட்டது. கண்ட்ரோல் கீறல், மருந்தே இல்லாமல், கிட்டத்தட்ட மருந்து போட்டதுபோலவே மூடிவிட்டது. ஐயோ, எல்லாம் போச்சு. எத்தனை தடவை செஞ்சேன், எத்தனை ஞாயித்துக்கிழமை பாப்பாவ விட்டுட்டு பாதியில ஓடி வந்தேன். எல்லாம் இதுக்கா? மூடி திறக்கலன்னு சிரிச்ச நேரத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தட்டைத் திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

இந்த வாரம் ஊருக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மேடத்திடம் இரண்டு தட்டுகளையும் கொடுத்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஒரே ஒரு முறை செய்து பார்த்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். உண்மைதான். இப்போது அனுப்பிவிடு, அவர்கள் படித்துப் பதில் போடவே மாதங்கள் ஆகும், அதற்குள் ஒழுங்காகத் திரும்பச் செய்து திருத்தத்தில் சேர்க்கலாம் என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

"உன் பொண்ணுக்காகத்தான் சொல்றேன். எனக்கு இது இன்னொரு பேப்பர். உனக்கு அப்படி இல்ல. அனுப்பற பொத்தான் உன் கையில இருக்கு, நான் தடுக்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன்."

அதற்குப் பதில் தடுத்திருக்கலாம். இல்லை, தள்ளியாவது இருக்கலாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பத்திரிகையின் பக்கத்தில் எல்லாவற்றையும் நிரப்பினேன். தலைப்பு, பெயர்கள், படங்கள். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி. முடிவுகளைப் பாதிக்கக்கூடிய எதையும் மறைக்கவில்லை என்று டிக் போடச் சொல்கிறது. இதற்கு முன் எத்தனையோ பெட்டிகளில் படிக்காமலேயே டிக் போட்டிருக்கிறேன். இன்று படித்துத் தொலைத்துவிட்டேன்.

டிக் போடாமல் கணினியை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்பதையும் சேர்த்து. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பொய் சொல்ல மாட்டேன். நீ அனுப்பிட்டு இங்க வந்துட்டா எனக்கு நல்லாருக்கும். தனியா சமாளிச்சு அலுத்துப்போச்சு. ஆனா வந்த பிறகு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு வீட்டுல திரிவ பாரு, அத என்னால பாக்க முடியாது."

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்தால் எப்படி இருக்கும் என்று இந்த மனுஷனுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 27, வியாழன்

பயில்வானிடம் சொன்னேன். தேநீர்க் கடை பெஞ்சில் வைத்துச் சொன்னேன், ஆய்வகத்தில் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. தட்டை வாங்கி நகத்தால் தடவினார். மறுபடி தடவினார். முகம் செத்துப்போய்விட்டது.

"என் கை கனம்னு இத்தனை வருஷமா எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஒருத்தருக்குக்கூட தட்டு ஞாபகம் வரலையேம்மா."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் என்று வேலையைப் பிரித்தது நாங்கள். பிரித்ததில் பெருமைப்பட்டது நான்.

தேநீரைக் குடிக்காமலேயே எழுந்து போய்விட்டார்.

மார்ச் 3, திங்கள்

முதலிலிருந்து ஆரம்பம். எல்லாத் தட்டும் நான்தான் கீறுகிறேன். கீறி முடித்த பிறகு, எந்தத் தட்டுக்கு மருந்து, எதற்கு வெறும் கரைசல் என்று பயில்வான் அடுத்த அறையில் சீட்டுக் குலுக்கி எடுத்து ஊற்றுகிறார். எனக்குத் தெரியக் கூடாது. குப்பி இப்போது அவர் காவலில். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நேரத்துக்கு வந்துவிடுகிறார்.

இதே வேகத்தில் போனாலும் 28க்குள் கட்டுரை ஆகாது. தெரிந்துதான் ஆரம்பித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

சீட்டைப் பிரித்தோம். மூன்று பேரும் ஒரே கணினியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. கொஞ்சம்தான். ஒரு தடவை தெரிகிறது, ஒரு தடவை தெரியவில்லை. மேடம் தன் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, டிராஃப்டில் தான் சேர்த்த 'மிகவும்' என்பதை அடித்தார். பிறகு 'குறிப்பிடத்தக்க' என்பதையும் அடித்தார்.

பயில்வான்தான் முதலில் பேசினார். கை கனத்தால் இவ்வளவு வித்தியாசம் வருகிறதென்றால், உலகத்தில் இதே சோதனையைக் கையால் செய்கிற அத்தனை பேருக்கும் வருமே என்றார்.

மேடம் பேனாவை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 28, வெள்ளி

நேர்முகத் தேர்வு. கட்டுரை எங்கே என்று இரண்டாவது கேள்வியிலேயே கேட்டுவிட்டார்கள். அனுப்பவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். ஒருவர் கவனமாகக் கேட்டார். இன்னொருவர் கடிகாரம் பார்த்தார். நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

அங்கிருந்து வீடு நடக்கிற தூரம்தான். பாப்பாவைப் பள்ளியிலிருந்து நானே கூட்டி வந்தேன். வேலை கிடைத்தால் தினமும் இப்படி வரலாம் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடிதம் மரியாதையாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாப்பிடும்போது வீட்டுக்காரர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார், உன் ஆய்வகம் இருக்கிற ஊரில் பள்ளிக்கூடச் சேர்க்கை எப்போது என்று. எதற்கு என்றேன்.

"பாப்பாவ உன்கூட கூட்டிட்டுப் போ. என்னால வேலைய விட முடியாது. ஆனா சனிக்கிழமை ரயில் எனக்கும் ஓடும்ல?"

இதுவரை இது ஏன் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை? வேலை கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்றே வருடங்களை ஓட்டியிருக்கிறோம். தட்டைக் கழுவிக்கொண்டே அழுதேன். இவர் பார்க்காததுபோல இருந்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கை கனம் முடிவை எப்படி மாற்றுகிறது என்ற புதுக் கட்டுரைக்குக் கனமான கீறல்கள் வேண்டும். பயில்வானை உட்கார வைத்தோம். மனிதருக்கு இப்போது அழுத்தவே வரவில்லை! பூ மாதிரி கீறுகிறார். எவ்வளவு கெஞ்சியும் பள்ளம் விழவில்லை. இத்தனை நாளாகப் படாத பாடு படுத்திய கை, கேட்கும்போது தர மாட்டேன் என்கிறது.

கடைசியில் மேடம், யோசிக்காமல் ஏதாவது பேசிக்கொண்டே கீறச் சொன்னார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைகிற கதையைச் சொன்னேன். எந்தப் பள்ளி, எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே கீறினார். எடுத்துப் பார்த்தால் அருமையான பள்ளம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான்.

மே 15, வியாழன்

அனுப்பியாயிற்று. நினைத்திருந்ததைவிடச் சின்னப் பத்திரிகை. தலைப்பில் மருந்தின் பெயரே இல்லை. பயில்வானின் பெயரும் என் பெயரும் சமமாக முதலில்.

செய்முறைப் பகுதியில் மேடம் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் தொடவில்லை: 'மருந்தைச் சோதித்த தட்டுகளில் கீறல்கள் அனைத்தையும் ஒரே கை போட்டது; எந்தத் தட்டுக்கு மருந்து என்று அந்தக் கைக்குத் தெரியாது.'

பெட்டியில் டிக் போட்டேன். இந்த முறையும் படித்துவிட்டுத்தான்.

ஜூன் 9, திங்கள்

இங்கே பாப்பாவின் புதுப் பள்ளிக்கூடம் திறந்தது. வாசலில் என் கையை விடவே மாட்டேன் என்று அழுதாள். எவ்வளவு நாளாயிற்று அவள் அழுது பார்த்து.

ஆகஸ்ட் 18, திங்கள்

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகச் சனிக்கிழமை பதில் வந்தது. நேற்று பயில்வானைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வீட்டுக்காரரும் ஊரிலிருந்து வந்திருந்தார். மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் ஒழிக்கவும் பாட்டில்களில் தண்ணீர் பிடிக்கவும் உதவி செய்கிறேன் பேர்வழி என்று சமையலறையிலேயே நின்றார். வேண்டாம் அண்ணா என்றால் கேட்கவில்லை.

காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாப்பாவின் தண்ணீர் பாட்டிலை டீச்சராலும் திறக்க முடியவில்லையாம், வாட்ச்மேனாலும் முடியவில்லையாம்.

ஐந்து நிமிட நடைதான். போய், கைக்குட்டையைச் சுற்றித் திறந்து கொடுத்துவிட்டு வந்தேன்.